காலுக்குக் கொடுத்த முட்டு

நேற்று உங்களில் ஒரு தம்பி கேட்டார்: "ஐயா, வேலையை விட்டாச்சு, வீட்டில ஆறுதலா இருக்கலாம்தானே. ஏன் ஒவ்வொரு ஒக்டோபர் மாசமும் இந்தப் படகு யார்டுக்கு வந்து நிக்கிறியள்?"

எனக்குப் பதில் சொல்ல விருப்பமில்லை. தேத்தண்ணி ஆறுது என்று சொல்லி எழும்பிப் போயிட்டன். வீட்டுக்குப் போற வழியில் யோசிச்சுப் பார்த்தால், அந்தத் தம்பி கேட்டதில் பிழை ஒன்றும் இல்லை. பிழை என்னில்தான். அதனால் இன்றைக்குச் சொல்லுறன். புதிதாகச் சேர்ந்த எல்லாரும் இருக்கிறீர்கள், ஒரே தடவையில் முடிஞ்சிடும்.

புத்திமதி சொல்லுற ஆள் நான் இல்லை. நாற்பது வருசத்துக்குக் கிட்ட படகு எஞ்சினோடு மாரடிச்சன். அதில் மற்றவைக்குச் சொல்லக்கூடியது என்ன மிஞ்சியிருக்கு என்று பார்த்தால், சரியாகச் செய்த வேலை ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. சரியாகச் செய்த வேலை கடலுக்குப் போய்த் திரும்பி வந்திடும், அதை ஆர் ஞாபகம் வைச்சிருக்கிறது? பிழையாகச் செய்ததுதான் கூடவே வரும்.

உங்களில் முக்கால்வாசிப் பேர் பின்பலகைக்கு வெளியே தொங்கி, தண்ணிக்குள் கால் நீட்டுற அவுட்போட் எஞ்சினோடு வளர்ந்தவர்கள். சல்லிக் கிராமத்தில் பிறந்த நானும் அப்படித்தான். எனக்குத் தொழில் காட்டித் தந்தவர் அதிகம் கதைக்க மாட்டார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு சட்டம்: வள்ளம் கரைக்கு வந்தால் எஞ்சினின் காலைத் தூக்கு. ஒருமுறை நான் மறந்துபோய் இறக்கின படியே வள்ளத்தை மணலில் ஏற விட்டதுக்கு, மனுசன் மூன்று நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கேல்லை. அதுக்குப் பிறகு எனக்கு யோசிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போச்சு. கரை என்றால் தூக்கு. கை தானாகப் போகும்.

அவுட்டிரைவ் வேறு சாமான். எஞ்சின் படகுக்குள்ளே, பெட்டி போட்டு மூடிக் கிடக்கும். பின்பலகையில் ஒரு பெரிய ஓட்டை. அதுக்கு வெளியேதான் கால் தொங்கும், கால் நுனியில் ப்ரொபெலர். உள்ளே இருந்து காலுக்குப் போற தண்டைச் சுற்றி, மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய், ஆர்மோனியத் துருத்தி மாதிரி. அதுதான் பெலோஸ். கால் மேலே போனாலும் கீழே வந்தாலும், இடம் வலம் திரும்பினாலும், கூடவே மடிஞ்சு நிமிர்ந்து கடலை வெளியே மறிச்சு வைக்கிறது அதுதான். விரல் தடிப்புக்கூட இல்லாத ரப்பர். படகில் இருக்கிற சனத்துக்கும் கடலுக்கும் இடையில் அவ்வளவுதான் இருக்கு.

இது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்த பிழை என்று தப்பிக்க எனக்கு வழி இல்லை.

ரபீக் நானா கிண்ணியா ஆள். முதலில் மீன்பிடி வள்ளம்தான் வைச்சிருந்தவர். யுத்தம் முடிஞ்சு வெளியூர்ச் சனம் வரத் தொடங்கினாப் பிறகு, திமிங்கிலமும், டொல்பின் என்கிற ஓங்கிலும் காட்டக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று, இருந்த வள்ளத்தை வித்து, கொழும்புப் பக்கத்தில் ஒரு பழைய படகு எடுத்தார். எட்டுப் பேர் தாராளமாக இருக்கலாம். வெள்ளைப் படகு, நீலக் கோடு, பின்னால் அவுட்டிரைவ். அந்த வீட்டில் அதைத் தவிர வேறு உழைப்பு இல்லை. அதை வீட்டாக்கள் எல்லாரும் அறிவார்கள், சின்னப் பிள்ளைகள் உட்பட.

படகை ட்ரெய்லரில் ஏற்றி இங்கே கொண்டுவரும்போது நானும் லொறியில் கூடப் போனனான். புறப்படும்போது பட்டனை அமத்திக் காலை முழுக்கத் தூக்கினன். இரண்டு பக்கமும் இரண்டு ஹைட்ரோலிக் ஜாக் பிடிச்சுக்கொண்டிருந்தது. ஒரு காவலுக்கு நைலோன் கயிறும் கட்டினன். கந்தளாயில் தேத்தண்ணிக்கு இறங்கினோம். ரபீக் நானா படகைச் சுற்றி ஒருதரம் வந்திட்டு, "அண்ணன், கால் இறங்கின மாதிரி இரிக்கே" என்றார்.

எட்டிப் பார்த்தன். நாலு விரலுக்குக் கிட்ட இறங்கித்தான் இருந்தது. கயிறு தொய்ஞ்சு கிடந்தது. தேத்தண்ணி கையில் சுடச்சுட இருந்தது.

"ஒண்டும் ஆகாது நானா. இன்னும் எவ்வளவு தூரம் கிடக்கு?"

கப்பல்துறை என்கிற ஊர் வரைக்கும் ஒன்றும் ஆகேல்லைத்தான். அங்கே மதகு கட்டுற வேலை நடந்தது. வீதியை விட்டுக் கல்லுப் பாதையில் இறக்கி ஏற்றி விட்டாங்கள். ட்ரெய்லர் பள்ளத்தில் இறங்கி எழும்பினபோது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தால், காலின் அடித்தகட்டில் உள்ளங்கை அளவு துண்டு இல்லை. ரபீக் நானா அந்தத் துண்டைத் தேடி எடுத்து, மண்ணைத் தட்டி, சட்டைப் பைக்குள் வைச்சார்.

"நான் கேட்டனான்தானே" என்றார்.  ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஜாக் தூக்குறதுக்குத்தான், தாங்குறதுக்கு இல்லை. ஒவ்வொரு குழியிலும் அவ்வளவு பாரமும் துள்ளி விழும். எண்ணெய் கசியக் கசியக் கால் இறங்கும். வீதியில் போற படகின் காலுக்குக் கீழே இரும்போ மரமோ முட்டுக் கொடுத்து, பாரத்தை ட்ரெய்லரில் இறக்க வேணும். அன்றைக்கு எனக்கு அது உறைச்சது. அடுத்த கிழமையே நல்ல முதிரைக் கட்டை ஒன்று தேடி எடுத்து முட்டு ஒன்று செய்தன். ஒரு முனை ட்ரெய்லரின் பின் சட்டத்தில் இருக்கும். மற்ற முனையைக் காலின் கழுத்துக்குப் பொருந்திறது போல வளைவாக வெட்டி, பழைய டயர் ரப்பர் அடிச்சன். சீவி, உரஞ்சி, வார்னிசும் பூசினன். வைச்சால் கால் அசையாது. கையால் உலுப்பிப் பார்த்தால் ட்ரெய்லர்தான் ஆடும்.

யார்டுக்கு வாற எல்லாரும் அதைத் தொட்டுப் பார்த்தார்கள். நிலாவெளியில் இருந்து ஒருத்தர் வந்து அளவெடுத்துக்கொண்டு போனார். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் பிடிச்சது. கொஞ்சம் என்று இப்பவும் குறைச்சுத்தான் சொல்லுறன்.

அந்த வருசம் ஒக்டோபரில் வாடைக் காற்றுத் தொடங்க, ரபீக் நானா படகைக் கொண்டுவந்து விட்டார். மாரி முடியும் வரைக்கும் யார்டில் கிடக்கும், பங்குனி சித்திரையில்தான் திரும்ப இறக்குவார். மூத்த மகளும் கூட வந்திருந்தாள். சுமையா, ஒன்பது வயது இருக்கும். ட்ரெய்லர்ச் சில்லுக்கு மேலே ஏறி இருந்து மாங்காய்த் துண்டு தின்றுகொண்டிருந்தாள்.

நான் முட்டுக் கட்டையை எடுத்து வைக்க, ரபீக் நானா சொன்னார்: "அண்ணன், படகு வித்த கொழும்பு ஆளோட போன்ல கதைச்சனான். நிப்பாட்டி வைக்கக்குள்ள காலைக் கீழ விடட்டாம். மேல விட்டா ரப்பர் பழுதாப் போகுமாம்."

நான் சிரிச்சன். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

"கொழும்புக்காரருக்கு எங்கட மாரி தெரியுமோ நானா? யார்டுக்குள்ள முழங்காலளவு வெள்ளம் நிக்கும். சேறும் மண்ணும் ப்ரொபெலருக்குள்ள போகும். கப்பல்துறையில பட்டது காணாதோ? முட்டுக் கிடக்கு, ஆறு மாசமில்லை, ஆறு வருசம் கிடந்தாலும் அசையாது."

அவர் கட்டையை ஒருதரம் தொட்டுப் பார்த்தார். பிறகு, "நீங்க சொன்னாச் சரி" என்றார். மகளைத் தூக்கி இறக்கிக்கொண்டு போயிட்டார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கோ. கந்தளாயில் அவர் சொன்னதைக் கேட்காமல் விட்டது சோம்பலில். இங்கே கேட்காமல் விட்டது அப்படி இல்லை. ஒரு பிழையில் இருந்து நல்ல பாடம் ஒன்று படிச்சு, அந்தப் பாடத்தைக் கொண்டுபோய்ப் பொருந்தாத இடத்தில் வைச்சன். காலைத் தாங்க வேண்டியது வீதியில், துள்ளுறதால். நிற்கிற படகு துள்ளாது. நிற்கிற படகில் ஆறுதல் கொடுக்க வேண்டியது ரப்பருக்கு. கால் மேலே இருந்தால் பெலோஸின் அடிமடிப்பு இழுபட்டபடியே நிற்கும். கீழே விட்டால்தான் அது இயல்பாக இருக்கும், காலுக்குள் கிடக்கிற தண்ணியும் வடியும். வெள்ளம்தான் பயம் என்றால், ட்ரெய்லரைக் கல் அடுக்கி உயர்த்தியிருக்கலாம். இரண்டு மணித்தியால வேலை. என்ட கட்டை அவ்வளவு வடிவாகப் பொருந்தினதால் அந்த யோசனை எனக்கு வரவே இல்லை.

மாரி முடிஞ்சது. மேலே மூடியிருந்த படங்கைக் கழற்றி, எண்ணெய் மாற்றி, கிரீஸ் அடிச்சு, தீந்தை பூசினன். பெலோஸையும் பார்த்தன். மேல்பக்கம் கையை வைச்சுத் தடவினன், நல்லாகத்தான் இருந்தது. அடிப்பக்கத்தை மறைச்சுக்கொண்டு முட்டு நின்றது. அதைக் கழற்றிப் போட்டுக் குனிஞ்சு பார்க்க வேணும். குனியேல்லை.

எங்கட பக்கத்தில் பருவத்துக்கு முதல் வள்ளம் இறக்கிற அன்றைக்குத் தேங்காய் உடைப்போம். ரபீக் நானா வீட்டு வழக்கம் வேறு. முதல் நாள் காசுக்கு ஆரையும் ஏற்ற மாட்டார். துஆ கேட்டு, வீட்டாக்களை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வருவார். அன்றைக்கு அவருடைய மனுசி நசீமா, சுமையா, நாலு வயசுச் சின்னவள், இவ்வளவு பேரும் வந்தார்கள். என்னையும் கூப்பிட்டார். "நீங்க பாத்த எஞ்சின், நீங்களும் வந்து சத்தத்தக் கேளுங்க." எல்லாருக்கும் மிதவைச் சட்டை போட்டு, பட்டியை அவரே ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். சின்னவளுடையது பெரிசு, இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினார்.

காலையில் கடல் தட்டுப் போலக் கிடந்தது. கொட்டியாரக் குடாவில் ஓடிப் போய், வெளியே அலை தொடங்கிற இடத்துக்குக் கிட்ட ஓங்கில் கூட்டம் ஒன்றைக் கண்டோம். ரபீக் நானா எஞ்சினை நிற்பாட்டினார். சத்தம் கேட்டால் அதுகள் விலகிப் போகும் என்று ஒரு கணக்கு. படகு சும்மா மிதந்தது. ஓங்கில்கள் பக்கத்தில் வந்து வந்து மூச்சு விட்டுப் போனதுகள். சின்னவள் கை தட்டினாள். நான் பிளாஸ்கில் இருந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தன்.

கால் மணித்தியாலம் இருக்கும். எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த சுமையா சொன்னாள்:

"வாப்பா, என்ட செருப்பு மிதக்குது."

குனிஞ்சு பார்த்தன். பின்பக்கத் தட்டில் தண்ணி. பெட்டியைத் திறந்தன். உள்ளே எஞ்சினின் அடி தெரியேல்லை. தண்ணி இறைக்கிற பம்ப் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் போறதை விட வாறது கூட. பின்பலகை ஓட்டையைச் சுற்றிப் புதுத் தண்ணி சுழிச்சுக்கொண்டு வந்தது. ஸ்டார்ட்டர் மோட்டருக்கு இன்னும் நாலு விரல். அதுக்குள் தண்ணி போனால் எஞ்சினைத் திரும்ப எழுப்ப ஏலாது.

எனக்கு ஒரு நொடியில் விளங்கிச்சு. வார்னிசு பூசின அந்த முட்டுத்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

ரபீக் நானா பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துப் போச்சு. ஆனால் கை, என்ட கை போலவே, பழகின கை. நேரே காலைத் தூக்குற பட்டனுக்குப் போனது. மணிக்கட்டைப் பிடிச்சிட்டன்.

"தூக்க வேண்டாம் நானா. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி முழு வேகத்தில விடுங்கோ. மூதூர்க் கரைக்கு."

"தண்ணி வந்துக்கிட்டு இரிக்கு, ஓடச் சொல்றீங்களா? என்ன கதை இது? காலைத் தூக்கி எங்கால வருது எண்டு பாப்பம்."

"பெலோஸ் வெடிச்சிட்டுது. தூக்கினா வெடிப்பு வாயைப் பிளக்கும். ஓடினா பின்பக்கம் தண்ணிக்கு மேல வரும், வாறது நிக்கும்."

"நீங்க இன்னும் பாக்கவே இல்ல. எப்பிடித் தெரியும் உங்களுக்கு?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. முப்பது வருசம் கடலில் கிடந்த மனுசன். படகுக்குள் தண்ணி வந்தால் நிற்பாட்டி, ஓட்டையைத் தேடி அடைக்க வேணும் என்றுதான் அவருடைய ஒவ்வொரு எலும்பும் சொல்லும். அதுக்கு எதிராக, மனுசியையும் பிள்ளைகளையும் வைச்சுக்கொண்டு, நடுக்குடாவில் வேகத்தைக் கூட்டச் சொல்லுறன். அவர் என்னை நம்ப ஏதாவது ஒன்று வேணும்.

என்ட வாய்க்கு வந்த பதில்கள் என்னென்ன என்றும் சொல்லிவிடுறன், மறைக்கேல்லை. ரப்பர் பழசு நானா. கொழும்பு ஆள் ஏமாத்திப்போட்டார். இரண்டும் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால், "அப்ப பாப்பம்" என்று அவர் பட்டனை அமத்தியிருப்பார்.

"நான்தான் வெடிக்க வைச்சனான்" என்றன். "ஆறு மாசம் முட்டுக் குடுத்து மேல வைச்சிருந்தது நான். நீங்கள் கீழ விடச் சொன்னியள், நான் சிரிச்சன். அடிப்பக்கம் குனிஞ்சு பாக்கவுமில்லை. வேற ஒண்டுமில்லை நானா, அதுதான். இப்ப மட்டும் நான் சொல்லுறதைக் கேளுங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு போய்ச் சாவியைத் திருப்பினார்.

முதல்தரம் டக் என்று ஒரு சத்தம் மட்டும். இரண்டாம் தரம் பிடிச்சது. பெட்டிக்குள் இருந்து தண்ணி பூவாகச் சிதறி என்ட முகத்தில் அடிச்சது.

"தங்கச்சி, பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு அணியத்துக்குப் போங்கோ. முன்னுக்கு, ஏலுமானவரைக்கும் முன்னுக்கு."

பாரம் முன்னுக்குப் போக வேணும், இல்லாட்டி இவ்வளவு தண்ணியோடு படகு எழும்பாது. நசீமா உடனே எழும்பினார். சின்னவளை இடுப்பில் வைச்சு, சுமையாவின் கையைப் பிடிச்சுக்கொண்டு முன்னுக்குப் போய், குந்தியிருந்து ஓதத் தொடங்கினார். படகு பின்னுக்குத் தாழ்ந்து, மூக்கைத் தூக்கி, ஒரு கிழட்டு எருமை சேற்றில் இருந்து எழும்புற மாதிரி மெல்ல மெல்ல எழும்பிச்சு. எழும்பினாப் பிறகு ஓடத் தொடங்கிச்சு.

நான் வாளியால் இறைச்சுக்கொண்டே, எஞ்சின் தாங்கியில் இருந்த ஒரு ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தன். தண்ணிக்குள் கிடந்த ஆணி. கொஞ்ச நேரத்தில் அதன் தலை வெளியே தெரிஞ்சுது. பிறகு முழு ஆணியும் தெரிஞ்சுது. வாறது நின்று, பம்ப் வெல்லத் தொடங்கியிருந்தது.

அதோடு வேறு ஒரு சத்தமும் தொடங்கிச்சு. உப்புத் தண்ணி போன பேரிங் அரைபடுற சத்தம். பேரிங் இறுகினால் தண்டு நிற்கும். தண்டு நின்றால் படகு நிற்கும். நின்றால் திரும்பவும் தண்ணி வரும், இந்த முறை எஞ்சின் எழும்பாது. ரபீக் நானாவுக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கும். அவர் திரும்பிப் பார்க்கேல்லை. நசீமாதான் அணியத்தில் இருந்து என்னைப் பார்த்துக் கேட்டார்: "அண்ணன், கரைக்குப் போய்ச் சேருவமா?"

"சேருவம்" என்றன். எனக்குத் தெரியாது.  வாளியை விடாமல் இறைச்சுக்கொண்டே இருந்தன்.

மூதூர்ப் பக்கக் கரையில் கொஞ்சப் பேர் கரைவலை இழுத்துக்கொண்டு நின்றாங்கள். தண்ணி நிறம் மாறி அடிமணல் தெரியத் தொடங்கினது. ரபீக் நானா கேட்டார்: "இப்பவாவது தூக்கவா?"

"இல்லை. வேகத்தைக் குறையுங்கோ. கால் மணலில குத்தட்டும்."

குத்திச்சு. படகு ஒரு குலுக்கலோடு நின்றது. இடுப்பளவு தண்ணி. அதுக்கு மேல் தாழ இடமில்லை. ரபீக் நானா குதிச்சு, சின்னவளைத் தோளிலும் சுமையாவை இடுப்பிலும் வைச்சுக்கொண்டு கரைக்கு நடந்தார். நசீமா பின்னால் போனார். வலை இழுத்த ஆக்கள் ஓடி வந்து, பின்பக்கத்தைப் பிடிச்சு, எல்லாரும் ஒரே குரலில் சொன்னது என்ன தெரியுமோ? "காலைத் தூக்கு, காலைத் தூக்கு." ஒருத்தர் பிடிச்சே தூக்கப் பார்த்தார். அந்த மனுசனை நான் ஏசின ஏச்சு இங்கே சொல்லக்கூடியது இல்லை. பாவம், உதவி செய்ய வந்தவர். ஏசினது அவரை இல்லை என்று பிறகு போய்ச் சொன்னன்.

கடைசியில் ரப்பரைச் சுற்றி, ஒருத்தர் உடுத்திருந்த சாரத்தை இறுக்கிக் கட்டி, காலை அரைவாசி தூக்கி, இருபது பேர் சேர்ந்து கரைக்கு ஏற்றினாங்கள். அடிமடிப்பில் நீட்டுக்கு ஒரு வெடிப்பு. விரல் முழுக்க உள்ளே போச்சு.

ரபீக் நானா மணலில் குந்தியிருந்தார். நான் கொஞ்சம் தள்ளி இருந்தன். 

"அண்ணன்" என்றார் பிறகு. "அந்தக் கதைய நீங்க கரையில வந்து சொல்லியிருந்தா உங்களுக்கு அடிச்சிருப்பன். கடலுக்குள்ள சொன்னதாலதான் நம்பினன்."

எனக்கு அழுகை வந்தது. அழுதன். அதில் என்ன வெட்கம்.

யார்டுக்குத் திரும்பி, முதலாளியிடம் என்ட பிழைதான் என்று சொல்லி, பேரிங்கும் பெலோஸும் மாற்றி, மூன்று கிழமையில் படகை அவருக்குத் திருப்பிக் கொடுத்தோம். அவர் வேறு யார்டுக்குப் போவார் என்றுதான் நினைச்சன். ஒக்டோபர் வர இங்கேதான் வந்தார். ஏன் என்று நான் கேட்கேல்லை, அவரும் சொல்லேல்லை.

முதிரை முட்டு இன்னும் இருக்கு. நீங்கள் கண்டிருப்பீர்கள், கொட்டிலுக்குப் பின்னால் தொங்குது. படகு வீதியில் ஏறினால் இன்றைக்கும் அதைத்தான் வைக்கிறோம். அதில் ஒரு பிழையும் இல்லை. கால் மேலே இருக்க வேணுமா கீழே இருக்க வேணுமா என்று என்னிடம் சட்டம் கேட்காதையுங்கோ. படகு ஓடுதா, வீதியில் துள்ளுதா, சும்மா கிடக்குதா, எந்த இடத்தில் பாரம் விழுது, எந்த இடம் இழுபடுது, அதைப் பாருங்கோ. கை தானாகப் போகுது என்று கண்டால் கையைப் பிடியுங்கோ.

அந்தத் தம்பி கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லேல்லை.

படகுக்குள் தண்ணி வந்ததுக்குப் பிறகு வந்த முதல் ஒக்டோபரில், ட்ரெய்லர் நின்ற உடனே, நான் கிட்டப் போக முதல் சுமையா படகுக்குள் ஏறினாள். பத்து வயசு. பட்டனை அமத்தினாள். கால் முனகிக்கொண்டு இறங்கி, அடியில் போய் நின்றது. பிறகு கீழே குதிச்சு, மண்ணில் முழங்கால் ஊன்றிக் குனிஞ்சு, ரப்பரை அடிப்பக்கத்தால் பார்த்தாள். ஆரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கேல்லை. ஒரு வருசத்துக்கு முதல் அவள் சில்லுக்கு மேலே இருந்து மாங்காய் தின்றது எனக்கு அப்பதான் ஞாபகம் வந்தது. தகப்பன் சொன்னதையும், நான் சிரிச்சதையும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அதுக்குப் பிறகு ஒரு வருசமும் அவள் அப்படிப் பார்க்கத் தவறினது இல்லை. இப்ப படகை ஓட்டுறதே அவள்தான். ரபீக் நானாவுக்குக் கண் சரியில்லை.

போன ஒக்டோபரில் நான் அவளுக்கு முதலே வந்து, காலை இறக்கி, குனிஞ்சு, போன் வெளிச்சம் பிடிச்சு எல்லா மடிப்பையும் பார்த்து முடிச்சன். அவள் வந்தாள்.

"பிள்ளை, நான் பாத்திட்டன். நல்லாக் கிடக்கு."

"ஓம் மாமா, நீங்க பாத்திருப்பீங்க" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். சொல்லிப்போட்டு முழங்கால் ஊன்றிக் குனிஞ்சு பார்த்தாள்.

அதுக்குத்தான் ஒக்டோபரில் வாறன். அவள் பார்த்து எழும்பும் வரைக்கும் பக்கத்தில் நிற்பன். பிறகு வீட்டுக்குப் போவன்.